மருவும் உப்பு மிளகும் பெரியம்மாவின் தழும்பும்

எங்க பெரியம்மாவுக்குக் கழுத்துல வலது பக்கம் ஒரு ரூபாய் காசு அளவுக்கு ஒரு தழும்பு இருக்கு. தடிச்சு, பளபளன்னு இருக்கும். எந்த போட்டோவுல பார்த்தாலும் முந்தானையை இழுத்து அதை மூடியிருப்பாங்க. சின்ன வயசுல கேட்டா "போடா, அதெல்லாம் ஒனக்கு இன்னாத்துக்கு" ம்பாங்க.

போன மாசம் அக்கா பொண்ணு, கழுத்துல இருக்குற ரெண்டு மூணு மருவை எடுத்துடணும்னு சொன்னா. பெரியம்மாவுக்கு முகமே மாறிப் போச்சு. "அதுல கைய வெக்காதீங்க"ன்னு சத்தம் போட்டாங்க. அன்னைக்குத்தான் முழுக் கதையும் வெளிய வந்துச்சு. அதுக்கப்புறம் நாலஞ்சு ராத்திரி இதைப் பத்தித்தான் படிச்சேன். படிச்சது ரொம்ப தூரம் போயிடுச்சு. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க :)

முதல்ல கதை. வருஷம் 1968. திருத்தணி ஆந்திராவுல இருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது 1960 ஏப்ரல் 1ல. அதாவது வந்து எட்டு வருஷம்தான் ஆயிருக்கு. கடைத்தெருவுல பாதி தமிழ், பாதி தெலுங்கு. நாம மருன்னு சொல்றதை அவங்க 'புலிபிரி'ம்பாங்க. பெரியம்மாவுக்குப் பதினேழு வயசு, கல்யாணம் பேசி முடிச்சாச்சு. கழுத்துல ஒரு மரு தொங்குது. மாப்பிள்ளை வீட்டுல யாரோ ஒரு வார்த்தை சொல்லிட்டாங்க.

பாட்டி மொதல்ல மலைக்குத்தான் கூட்டிட்டுப் போனாங்க. 365 படியும் ஏறி, உப்பும் மிளகும் போட்டு வேண்டிக்கிட்டாங்க. நம்ம பக்கத்துல இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். வைத்தீஸ்வரன்கோயில்ல இன்னைக்கும் போய்ப் பாருங்க, உப்பு மிளகு கொட்டுவாங்க, சித்தாமிர்த தீர்த்தத்துல வெல்லம் கரைப்பாங்க. உப்பு கரையற மாதிரி மரு கரையணும், அதான் கணக்கு.

பெரியம்மாவுக்குக் கரையலை. மூணு மாசம் பார்த்துட்டு, சந்தையில உக்காந்து மரு, மச்சம் எடுக்குற ஒரு ஆள்கிட்ட போயிருக்காங்க. அவர் சுண்ணாம்பையும் சலவை சோடாவையும் குழைச்சு வெச்சார். "எரிஞ்சா கம்முனு இரு, எரிஞ்சாதான் வேர் போவும்"னு சொல்லியிருக்கார். கல்யாணம் ஆகப் போற பொண்ணு, பல்லைக் கடிச்சுக்கிட்டு ராத்திரி பூரா கம்முனு இருந்திருக்கு. மரு போச்சு, சதையும் சேர்ந்து போச்சு. ஆறின இடத்துல தழும்பு வளர ஆரம்பிச்சது.

கல்யாணம் நடந்துச்சு. ஆனா பெரியம்மா மனசுல வேற ஒண்ணு தங்கிடுச்சு. "எல்லாருக்கும் முருகன் எடுத்தாரு, எனக்கு மட்டும் எடுக்கல. நான் சரியா வேண்டிக்கல நைனா." ஐம்பது வருஷத்துக்கு மேல இப்படியே நினைச்சுட்டு இருந்திருக்காங்க!

சரி, வேண்டுதல் ஏன் சிலருக்குப் பலிக்குது, சிலருக்குப் பலிக்கலை?

நாம மருன்னு ஒரே பேர்ல சொல்றது உண்மையில ரெண்டு மூணு விதம். விரல்லயும் முட்டியிலயும் சொரசொரன்னு வர்ற மரு வைரஸால வர்றது. கிருமி புக முடியாத வடிகட்டியில வடிச்ச சாறால கூட இது தொத்தும்னு 1907ல இத்தாலியில சியுஃபோங்கிறவர் காட்டினார். உடம்பு அந்த வைரஸைக் கண்டுபிடிச்சு எதிர்க்க ஆரம்பிச்சதும் மரு தானா உதிர்ந்துடும். குழந்தைகளை ரெண்டு வருஷம் தொடர்ந்து கவனிச்ச ஒரு ஆய்வு 1963ல வந்துச்சு. எதுவுமே செய்யாம மூணுல ரெண்டு பங்கு மரு மறைஞ்சு போச்சு. நானும் ஏழாவது படிக்கும்போது விரல் மருவுக்கு உப்பு மிளகு போட்டேன், போயிடுச்சு. முருகனுக்கு நன்றி சொன்னேன் (இப்பவும் சொல்றேன், அது வேற விஷயம்).

இது நம்ம ஊர் சங்கதி மட்டும் இல்லை. பிரான்சிஸ் பேக்கன், ஆமா அந்த இங்கிலாந்து தத்துவ மேதைதான், பாரிஸ்ல இருந்தப்போ கையில நூத்துக்கு மேல மரு வந்துச்சாம். தூதரோட சம்சாரம் ஒரு பன்றிக் கொழுப்புத் துண்டால தேய்ச்சு, அதை ஜன்னல்ல வெயில் பட ஆணி அடிச்சு வெச்சாங்க. வெயில்ல கொழுப்பு உருக உருக மருவும் உருகணும். அஞ்சு வாரத்துல எல்லாம் போச்சுன்னு அவரே எழுதி வெச்சிருக்கார். அவர் செத்தப்புறம் 1627 வாக்குல வந்த புத்தகத்துல அது இருக்கு. உப்பு கரையறதும் கொழுப்பு உருகறதும் ஒரே யோசனைதானே!

ஆனா கழுத்துல, அக்குள்ல மெல்லிசா தொங்குற மரு வேற ஜாதி. அது வெறும் தோல் சதை. உடம்பு அதை எதிரியாவே நினைக்காது, அதனால பெரும்பாலும் தானா போகாது. பெரியம்மாவுக்கு இருந்தது இதுதான். எத்தனை மூட்டை உப்பு கொட்டியிருந்தாலும் கரைஞ்சிருக்காது. வேண்டுதல்ல ஒரு குறையும் இல்லை.

அடுத்தது அந்த சுண்ணாம்பு. சந்தைக்காரர் ஏதோ காட்டுமிராண்டித்தனமா பண்ணிட்டார்னுதான் நானும் நினைச்சேன். படிச்சா, அது ரொம்பப் பழைய வைத்தியம். சுஸ்ருத சம்ஹிதையில சின்னச் சின்னத் தோல் நோய்களுக்குன்னே தனிப் பகுதி இருக்கு. உளுந்து மாதிரி இருக்கறது மசகம், எள்ளு மாதிரி இருக்கறது திலகாலகம். பேரே தானியத்துல இருந்துதான்! அதைச் சீவிட்டு, காரத்தாலயோ நெருப்பாலயோ சுடணும். காரம்னா மிளகாய் காரம் இல்லைங்க. நாயுருவி மாதிரிச் செடிகளை எரிச்ச சாம்பலைக் கரைச்சு வடிச்சு, அதுல சுட்ட சுண்ணாம்பு சேர்த்துக் காய்ச்சுறது. சலவை சோடாவோட சுண்ணாம்பு சேர்ந்தா காஸ்டிக் சோடா வரும்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வேதியியல்தான்.

வித்தியாசம் எங்கன்னா, சுஸ்ருதர் அதோட நிறுத்தலை. காரத்தை வெச்சு நூறு எண்ணுற நேரம்தான் விடணும். வெந்த இடம் பழுத்த நாவல்பழ நிறம் வந்தா போதும். உடனே காடி மாதிரிப் புளிப்பான ஒண்ணை ஊத்தி அதோட வேகத்தை அடக்கணும். காரத்தைப் புளிப்பு முறிக்கும்னு அப்பவே தெரிஞ்சிருக்கு. யார் யாருக்கு இதைச் செய்யவே கூடாதுன்னும் பட்டியல் போட்டிருக்காங்க. நம்ம சந்தைக்கு வந்து சேர்றதுக்குள்ள சுடறது மட்டும் மிச்சமாகி, நிறுத்தறது தொலைஞ்சு போச்சு. நூறு எண்ண வேண்டிய இடத்துல ஒரு ராத்திரி முழுக்க!

(இப்ப யாருக்காவது சுண்ணாம்போ ஆசிட்டோ பட்டு வெந்தா புளித்தண்ணி தேடாதீங்க. இன்னைக்கு டாக்டர்கள் சொல்றது, ஓடுற தண்ணியில ரொம்ப நேரம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும்.)

இதுல இன்னொரு கதையும் இருக்கு. நம்ம பக்கம் முடி திருத்துறவங்களுக்கு மருத்துவர்னு பேர் சும்மா வரலை. கட்டி கீறுறது, புண்ணுக்கு மருந்து போடுறது எல்லாம் அவங்கதான், அவங்க வீட்டுப் பெண்கள்தான் பிரசவம் பார்த்தாங்க. இங்கிலாந்துலயும் நாவிதரும் அறுவை வைத்தியரும் 1540ல இருந்து ஒரே சங்கம், 1745லதான் பிரிஞ்சாங்க. அங்க பிரிஞ்சு போனவங்களுக்குக் கல்லூரி வந்துச்சு. இங்க கைவைத்தியம் தெரிஞ்சவங்களைக் கீழ்ஜாதின்னு ஒதுக்கி வெச்சோம். பழைய புத்தகம் ஒரு பக்கம், கத்தி பிடிச்ச கை வேற பக்கம். பாதி வித்தை தொலையாம என்ன செய்யும்?

நவீன வைத்தியமும் சுடறதைத்தான் செய்யுது, அளவோட. 1926 அக்டோபர் 1ல பாஸ்டன்ல ஹார்வி குஷிங்ங்கிற டாக்டர், போவி செஞ்ச மின்சாரக் கருவியால ஒரு நோயாளியோட தலையில இருந்த கட்டியை எடுத்தார். இன்னைக்கு ஸ்கின் டாக்டர் மருவைக் கருக்குற மெஷின் அந்த வம்சம்தான். குளிர்லயும் சுடலாம். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனைத் தொட்டு வெச்சா மரு உறைஞ்சு விழுந்துடும். கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964ல அமெரிக்காவுல பெல் ஆய்வுக்கூடத்துல உருவாக்கினவர் பாராமதியில பிறந்த நம்ம குமார் படேல்.

ஒரு எச்சரிக்கை மட்டும். கருப்பு மச்சம் எல்லாம் அழகுப் பிரச்சினை இல்லை. ஒரு பக்கம் மாதிரி இன்னொரு பக்கம் இல்லாம, ஓரம் கோணலா, ரெண்டு மூணு நிறத்துல, வளர்ந்துகிட்டே இருந்தா பியூட்டி பார்லர்ல காட்டாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க. நம்ம நிறத்துக்காரங்க உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியைக் குறிப்பா கவனிக்கணும். கழுத்துல திடீர்னு நிறைய மரு தொங்குது, தோலும் கறுத்துத் தடிக்குதுன்னா சர்க்கரையும் ஒருதரம் பார்த்துடுங்க.

நாம ஒரு வேடிக்கையான கூட்டம். குழந்தை அழகா இருந்தா கன்னத்துல மையால ஒரு கருப்புப் பொட்டு வெப்போம். பள்ளிக்கூடச் சான்றிதழ்ல அங்க அடையாளம்னு மச்சத்தைத் தேடி எழுதுவோம். கல்யாணப் பேச்சு வந்ததும் அதே மச்சத்தை அழிக்க அலைவோம்.

அக்கா பொண்ணை ஸ்கின் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். பெரியம்மாவும் பிடிவாதமா கூட வந்தாங்க. மரத்துப் போக கிரீம் தடவி உக்கார வெச்சதுதான் நேரம், எடுக்க அஞ்சு நிமிஷம் கூட ஆகலை. பெரியம்மா அவ கழுத்தையே பார்த்துட்டு இருந்தாங்க. வெளிய வந்ததும் கேட்டாங்க, "இந்த மெசினு அப்பவே இருந்துச்சா நைனா?"

"இருந்துச்சு பெரிம்மா, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே. நம்ம ஊர் சந்தைக்குத்தான் வரலை."

கொஞ்ச நேரம் பேசலை. நான்தான் அந்த ரெண்டு வகை மரு சமாச்சாரத்தைச் சொன்னேன். தானா போறது ஒண்ணு, போகாதது ஒண்ணு, உனக்கு இருந்தது போகாதது, அவ்வளவுதான்னு.

"அப்போ நான் வேண்டிக்கினது சரியாத்தான் வேண்டிக்கினேனா?"

"சரியாத்தான் பெரிம்மா."

பஸ்ல வரும்போது காத்துக்கு முந்தானை விலகியிருந்துச்சு. அன்னைக்கு அவங்க அதை இழுத்து விட்டுக்கலை.

உங்க ஊர்ல மருவுக்கு என்ன வேண்டுதல், என்ன கைவைத்தியம்? தெரிஞ்சா சொல்லிட்டுப் போங்க.