காயல் ஓரத்தில் கேரவன் டூர்: முதல்முறை போறீங்களா? இடம் புக் பண்ணும் முன் இதைப் படிங்க!

கதவைத் திறந்தால் தென்னந்தோப்பு, ஜன்னலைத் திறந்தால் காயல். சமையல், படுக்கை எல்லாம் வண்டிக்குள்ளேயே. ரீல்ஸில் பார்க்கும்போது கேரவன் பயணம் இப்படித்தான் இருக்கு. ஆனால் வண்டியை எங்கே நிறுத்துறோம் என்பதை வைத்துத்தான் அந்த டூர் இனிக்குமா, ராத்திரி முழுக்க கொசு அடிச்சுக்கிட்டு உட்காருவோமா என்பது முடிவாகும். சில நேரம் அது உயிர் விஷயமாகவும் ஆகிடும்.

குடும்பத்தோடு முதல்முறையாக கேரளாவின் காயல் பகுதிக்கு கேரவனில் போகத் திட்டமிடுறவங்க, தங்கும் இடத்தை எப்படித் தேர்வு செய்வது? விரிவாகப் பார்ப்போம்.

கேரவன் பார்க் என்றால் என்ன?

கேரள சுற்றுலாத் துறை 2021 செப்டம்பரில் ‘கேரவன் கேரளா’ திட்டத்தை அறிவித்தது. 2022-ல் முதல் கேரவன் பார்க் வாகமண்ணில் திறக்கப்பட்டது. அது மலைப்பகுதி. அரசின் விதிப்படி ஒரு பார்க்குக்கு குறைந்தது 50 சென்ட் நிலமும், 5 வண்டிகள் நிற்க இடமும் வேண்டும். தண்ணீர், மின்சாரம், கழிவை அகற்றும் வசதி, பாதுகாப்பு எல்லாம் இருக்கணும்.

இங்கேதான் முதல் கேள்வி. ‘கேரவன் பார்க்கிங் உண்டு’ என்று போர்டு வைத்திருக்கும் இடம், சுற்றுலாத் துறையின் அனுமதி பெற்ற பார்க்கா, இல்லை ரிசார்ட்டின் கார் பார்க்கிங்கில் ஒரு மூலையா? புக் பண்ணும் முன்னாடியே இதைக் கேட்டுடுங்க.

எந்தப் பகுதி உங்களுக்கு சரி?

96 கிலோமீட்டர் நீளம் கொண்ட வேம்பநாட்டுக் காயல்தான் இந்தியாவின் நீளமான ஏரி. கரை ஒன்றுதான் என்றாலும் ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு மாதிரி.

வைக்கம்: கூட்டம் குறைவு. 1924-ல் தந்தை பெரியார் பங்கேற்ற வைக்கம் போராட்டம் நடந்த ஊர். அவருடைய நினைவகமும் இங்கே இருக்கு. இந்தியாவின் முதல் சோலார் பயணிகள் படகு 2017 முதல் வைக்கம் - தவணக்கடவு இடையே ஓடுது. குழந்தைகளைக் கூட்டிக்கிட்டு குறைந்த செலவில் காயலைக் கடக்க நல்ல வழி.

குமரகம்: பறவைகள் சரணாலயம், ஹவுஸ் போட், ரிசார்ட் எல்லாம் பக்கத்திலேயே. கோட்டயம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் ரொம்ப தூரம் இல்லை. சீசனில் கூட்டமும் கட்டணமும் அதிகம்.

குட்டநாடு: கடல் மட்டத்துக்கும் கீழே நெல் விளையும் அபூர்வமான பகுதி. பார்க்க அழகு. ஆனால் உள்ளே போகும் சாலைகள் குறுகல், பாலங்கள் சின்னது. மழைக்காலத்தில் தண்ணீர் சீக்கிரம் ஏறிடும். கேரவனை வெளியே நிறுத்திவிட்டு படகில் சுற்றிப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

அஷ்டமுடி: கொல்லம் பக்கம் இருக்கும் காயல். தென்காசி, திருநெல்வேலிக்காரங்களுக்கு இதுதான் பக்கம். ஆனால் மன்றோ துருத்து மாதிரி தீவுப் பகுதிகளில் கடல் ஏற்றத்தின்போது வீட்டு வாசலுக்கே தண்ணீர் வருது. கனமான வண்டியோடு அதற்குள் போக வேண்டாம்.

எந்த மாதம் போகலாம்?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானிலை நன்றாக இருக்கும். அதில் ஒரு விஷயத்தை யாரும் சொல்ல மாட்டாங்க. உப்புத் தண்ணீர் குட்டநாட்டு வயல்களுக்குள் வராமல் இருக்க, வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே தண்ணீர்முக்கம் தடுப்பணை இருக்கு. வழக்கமாக டிசம்பர் வாக்கில் இதன் ஷட்டர்களை மூடி, கோடையில்தான் திறப்பாங்க. மூடியிருக்கும்போது அணைக்குத் தெற்கே இருக்கும் குமரகம், ஆலப்புழா பக்கம் தண்ணீர் ஓட்டம் குறைஞ்சுடும். ஆகாயத்தாமரையும் கழிவும் தேங்கும். அணைக்கு வடக்கே இருக்கும் வைக்கத்தில் கடல் ஏற்ற இறக்கம் தொடரும். விளம்பரப் படத்தை நம்பாமல், இந்த வாரம் எடுத்த வீடியோ ஒன்றை அனுப்பச் சொல்லிக் கேளுங்க.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் குட்டநாடு முழுக்க மூழ்கியது நினைவிருக்கும். முதல் பயணத்துக்கு இந்த மாதங்களைத் தவிர்க்கலாம்.

எந்த வழியில் போவது?

சென்னை, சேலம், கோவையிலிருந்து போறவங்களுக்கு பாலக்காடு - திருச்சூர் - எர்ணாகுளம் வழிதான் எளிது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாகவே இடைவெளி இருக்கும் இடம் இது. அதனால் ஏற்றமும் வளைவும் குறைவு. மதுரை, தேனிக்காரங்களுக்கு குமுளி - குட்டிக்கானம் - கோட்டயம் வழி தூரம் குறைவுதான். ஆனால் உயரமான வண்டியை மலைப்பாதை வளைவுகளில் முதல்முறை ஓட்டிப் பழக வேண்டாம். பகலில், அனுபவமுள்ள டிரைவரோடு மட்டும் போங்க.

நீங்களே ஓட்டுவதாக இருந்தால் வண்டியின் மொத்த எடையைப் பாருங்க. 7,500 கிலோவைத் தாண்டினால் சாதாரண கார் லைசென்ஸ் செல்லாது. வாடகை வண்டி என்றால் கேரளாவுக்கான பர்மிட், வரி யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்கிக்கோங்க.

இடத்தில் என்னென்ன பார்க்கணும்?

நிலம்: காயல் கரை பெரும்பாலும் களிமண். வெயிலில் கெட்டியாகத் தெரியும். ஒரு மழை பெய்தால் டயர் புதையும். ஜல்லியோ கான்கிரீட்டோ போட்ட தரை வேண்டும். தண்ணீரை ஒட்டி நிறுத்தாமல், கொஞ்சம் உள்ளே தள்ளி, மேடான இடத்தைக் கேளுங்க. தரை சமமா என்று பார்க்க, பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்தாலே தெரிஞ்சுடும்.

சாலை: கடைசி ஒரு கிலோமீட்டர்தான் சிக்கல். வண்டியின் உயரம், அகலம், நீளத்தைச் சொல்லி, தாழ்வான மின்கம்பி, தென்னை மட்டை, சின்னப் பாலம் ஏதாவது குறுக்கே இருக்கா என்று கேளுங்க. மேப் காட்டுற குறுக்கு வழியை நம்பாதீங்க.

மின்சாரம்: 16 ஆம்பியர் பிளக்கில் ஏறக்குறைய 3,500 வாட் வரை இழுக்கலாம். ஏசி, இண்டக்ஷன் அடுப்பு, கீசர் மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டால் டிரிப் ஆகும். எர்த், ஷாக் அடித்தால் உடனே கட் ஆகும் பிரேக்கர் இரண்டும் இருப்பது கட்டாயம். ஈரமான இடம் என்பதை மறக்காதீங்க.

குடிநீர்: சுற்றிலும் தண்ணீர், ஆனால் குடிக்கத் தண்ணீர் தட்டுப்பாடு. குட்டநாட்டின் பழைய கஷ்டம் இது. டேங்கை நிரப்பும் தண்ணீர் எங்கிருந்து வருது என்று கேளுங்க. குடிக்க கேன் வாட்டர் வைத்துக்கொள்வது நல்லது.

கழிவு: கேரவனில் கழிவறைத் தொட்டி தனி, குளியல் - பாத்திரம் கழுவும் தண்ணீருக்கான தொட்டி தனி. இரண்டையும் காலி பண்ண முறையான செப்டிக் வசதி இருக்கணும். ‘அப்படியே வாய்க்காலில் விடுங்க சார்’ என்று சொல்லும் இடம் வேண்டாம். அதே வாய்க்காலில்தான் அந்த ஊர் மக்கள் குளிக்கிறாங்க, மீன் பிடிக்கிறாங்க.

ஜெனரேட்டர்: இது உயிர் விஷயம்

2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்ததே காரணம் என்று பின்னர் நடந்த நிபுணர் ஆய்வில் தெரியவந்தது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குறவங்களுக்குத் தெரியவே தெரியாது.

அதனால்தான் இரவு முழுக்க மின் இணைப்பு கிடைக்கும் இடம் முக்கியம். ஜெனரேட்டரை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்கவே கூடாது. வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கா என்று கேளுங்க. இல்லையென்றால் ஒன்று வாங்கி மாட்டிடுங்க. மழை பெய்தாலும் கரி அடுப்பை உள்ளே கொண்டு வராதீங்க.

தண்ணீரில் இறங்கும் முன்

கேரளாவில் மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் பரவுவது வழக்கம். காலில் புண் இருந்தால் தேங்கிய தண்ணீரில் கால் வைக்காதீங்க. மூக்கு வழியாக மூளைக்குப் போகும் அமீபா தொற்றும் சமீப ஆண்டுகளில் அங்கே பதிவாகியிருக்கு. குழந்தைகளைக் குளம், தேங்கிய நீர்நிலைகளில் குதிக்க விடாதீங்க. பார்க்குக்கும் தண்ணீருக்கும் நடுவில் வேலி இல்லையென்றால், சின்னப் பிள்ளைகளோடு அங்கே தங்க வேண்டாம்.

படகு விஷயத்திலும் கறாராக இருங்க. 2023 மே 7-ம் தேதி மலப்புரம் மாவட்டம் தானூரில், அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகள்தான் அதில் அதிகம். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இல்லையென்றால் ஏறாதீங்க. இருட்டிய பிறகும் ஏறாதீங்க.

போனில் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. சுற்றுலாத் துறை அனுமதி இருக்கா? எண் என்ன?
2. எங்கள் வண்டியின் அளவுக்கு உள்ளே வந்து திரும்ப இடம் இருக்கா?
3. தரை ஜல்லியா, மண்ணா? போன மழையில் தண்ணீர் நின்றதா?
4. இரவு முழுக்க 16 ஆம்பியர் கரண்ட் உண்டா?
5. கழிவுத் தொட்டியை எங்கே காலி பண்ணுவது?
6. இரவில் காவலாளி இருப்பாரா? காயல் பக்கம் வேலி இருக்கா?
7. பக்கத்து மருத்துவமனை எவ்வளவு நேரத்தில் போகலாம்?

இதில் முதல் ஐந்துக்கு நேரடியான பதில் வரலைன்னா வேற இடம் பாருங்க. முதல் தடவை ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்குவது போதும். தினமும் ஊர் மாற்றினால் ஓட்டுவதிலேயே பொழுது போயிடும். சாயங்காலம் 5 மணிக்குள் போய்ச் சேருங்க. வெளிச்சத்தில் பார்த்தால்தான் கரை எது, சேறு எது என்று தெரியும்.

அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108. புறப்படும் முன் உங்க இடத்தின் லொகேஷனை வீட்டில் ஒருத்தருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிட்டுக் கிளம்புங்க.