இழப்பற்ற ஈதர்நெட்: சுவிட்ச் அமைவாக்கத்தின் எல்லைகள்

ஈதர்நெட் சுவிட்ச், பஃபர் நிரம்பினால் பாக்கெட்டைக் கைவிடும். இழந்ததை மீட்பது டி.சி.பி.யின் பொறுப்பு. ஃபைபர் சேனலோ, எதிர்முனையில் இடம் இருப்பது உறுதியான பிறகே ஃபிரேமை அனுப்பும். இவ்விரு போக்குவரத்தும் ஒரே கம்பியில் செல்ல, 2011இல் வந்த ஐ.ட்ரிபிள்.ஈ. 802.1க்யூபிபி தரம் பி.எஃப்.சி. என்னும் முறையை வரையறுத்தது. எட்டு முன்னுரிமை வகுப்புகளில் நெரிசலுக்கு உள்ளானதை மட்டும் அது நிறுத்தி வைக்கும். இம்முறையை இயன்றவரை ஒரே வகுப்புக்குள் அடக்கி, கடைசிக் காப்பாக மட்டுமே வைக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதல் காரணம் பஃபரின் கணக்கு. நிறுத்தக் கட்டளை போய்ச் சேரும்வரை எதிர்முனை அனுப்பிக்கொண்டேதான் இருக்கும்; அதுவரை கம்பியில் ஏறியதும் வந்து சேரும். கண்ணாடியிழையில் ஒளி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 நானோ வினாடி ஆகும். 300 மீட்டர் கம்பியில் போய்வர 3 மைக்ரோ வினாடி. அந்நேரத்தில் வந்து சேரும் தரவு 10 ஜிகாபிட் வேகத்தில் 3,750 பைட். 100 ஜிகாபிட்டில் 37,500 பைட். அனுப்பத் தொடங்கிவிட்ட ஃபிரேமுக்கும் எதிர்முனையின் தாமதத்துக்கும் இதற்கு மேலும் இடம் வேண்டும். ஒவ்வொரு போர்ட்டிலும் இழப்பற்ற வகுப்பு ஒவ்வொன்றுக்கும் இவ்விடத்தைத் தனியே ஒதுக்க வேண்டியிருப்பதால், வகுப்புகள் கூடக்கூட மற்றப் போக்குவரத்துக்கான பஃபர் சுருங்கும். இத்தகைய அமைப்புகளை, சாதனங்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ள உதவும் டி.சி.பி.எக்ஸ். நெறிமுறை தானே பேசி முடித்துவிடும் என்று வாதிடலாம். ஆனால் அந்நெறிமுறை அடுத்துள்ள சாதனத்தோடு மட்டுமே பேசுகிறது. வழியில் ஒரு சுவிட்ச் அதே வகுப்பைச் சாதாரணமாக நடத்தினாலும் இழப்பின்மை அங்கேயே முறிந்துவிடும். ஆகவே முழுப் பாதையையும் சரிபார்க்கும் கடமை நிர்வாகியிடமே இருக்கிறது.

இரண்டாம் காரணம், நிறுத்தம் பரவும் தன்மை. நிறுத்தப்பட்ட சுவிட்சின் பஃபரும் நிரம்பும்போது, அது தனக்கு முந்தையதை நிறுத்துகிறது. ஒரு கணினியின் நினைவகத்தை மற்றொன்று நேரடியாக அணுகும் ஆர்.டி.எம்.ஏ.வைப் பெரிய அளவில் இயக்கிய அனுபவத்தை மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் 2016இல் சிக்காம் மாநாட்டில் வெளியிட்டனர். பழுதான ஒரு நெட்வொர்க் கார்டு இடைவிடாமல் நிறுத்தக் கட்டளை அனுப்பியதையும், சுவிட்சுகள் ஒன்றையொன்று நிறுத்தி உறைந்துபோகும் முட்டுக்கட்டை நேராது என்று நம்பப்பட்ட க்ளோஸ் வலையமைப்பிலும் அது நேர்ந்ததையும் அவர்கள் பதிவுசெய்தனர். கார்டிலும் சுவிட்சிலும் கண்காணிப்பு நிரல்களைச் சேர்த்தனர். எனவே பஃபர் நிரம்பத் தொடங்கும்போதே ஈ.சி.என். என்னும் நெரிசல் அறிவிப்பைக் குறியிட்டு அனுப்புநரின் வேகத்தைக் குறைப்பதே முதல் தற்காப்பு. குறியிடத் தொடங்கும் வரம்பு, பி.எஃப்.சி. இயங்கும் வரம்பைவிடத் தாழ்வாக இருப்பது இன்றியமையாதது.

அப்படியானால் பி.எஃப்.சி.யையே கைவிடலாமே என்பது வலுவான மறுப்பு. இழப்பைத் திறம்பட மீட்கும் கார்டு இருந்தால் அது தேவையில்லை என்று 2018இல் வெளியான ஐ.ஆர்.என். ஆய்வு காட்டியது. அம்முடிவு அத்தகைய கார்டுகள் உள்ள இடத்துக்கே பொருந்தும். ஃபைபர் சேனலை ஈதர்நெட்டில் ஏற்றிச் செல்லும் எஃப்.சி.ஓ.ஈ. போக்குவரத்திலோ, ஒரு ஃபிரேம் தொலைந்தால் அது சேர்ந்த ஸ்கஸி சேமிப்புச் செயல்பாட்டையே மீண்டும் நடத்த நேரிடும். அங்கே இழப்பின்மை நீடித்தாக வேண்டும். ஆகவே ஒரே வகுப்பு, கம்பி நீளத்துக்கேற்ற பஃபர், தாழ்ந்த ஈ.சி.என். வரம்பு, கண்காணிப்பு ஆகிய நான்கும் உறுதியாகாத வலையமைப்பில் பி.எஃப்.சி.யை இயக்காமல் இருப்பதே பாதுகாப்பானது.