நன்னூல் கூறும் உயிரிலக்கணம்

தமிழாசிரியனாகப் பணியாற்றிய நாளில், நன்னூல் உரியியலை நடத்திக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, உயிருள்ளது எது, உயிரற்றது எது என்பது அறிவியல் பாடமல்லவா? இலக்கணத்தில் ஏன் வருகிறது?" என்று வினவினான். அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. இம்மலர் வாயிலாக அதனை நிறைவு செய்ய விழைகின்றேன்.

உரிச்சொல் பொருள்களின் பண்பை உணர்த்துவது. பண்பைக் கூறுமுன் அதனையுடைய பொருளை வகுத்தல் வேண்டும். ஆதலின், 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்டுகோளுக்கிணங்க நன்னூல் யாத்த பவணந்தி முனிவர், உயிர்ப்பொருளையும் உயிரல்லாப் பொருளையும் அவ்வியலிலேயே வகுத்தார்.

தொல்காப்பிய மரபியலும் உயிர்களை அறிவின் அளவால் வகுக்கிறது. புல்லும் மரமும் தொடுவுணர்வு மட்டுமுடைய ஓரறிவுயிர். சிதலும் எறும்பும் மூவறிவுயிர். மனமெனும் ஆறாவது அறிவுடையோர் மக்கள். பவணந்தியார் இவ்வரிசையைத் தழுவினாலும் ஐயறிவோடு நிறுத்திவிடுகிறார். வானவர், மக்கள், நரகர், விலங்கு, பறவை ஆகிய அனைவரும் அங்கே ஒரே நிரையில் நிற்கின்றனர். இது சமண நெறி. புலன்கள் ஐந்தே; மனம் புலனன்று; அது மனிதர்க்கு மட்டும் உரியதுமன்று என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் துணிபு.

அடுத்து அவர் கூறுவது இன்னும் நுட்பமானது. உணரும் இயல்புடையதே உயிர்; அதனை நீக்கினால் உடல் உட்பட எஞ்சிய யாவும் உயிரல்லாப் பொருள். சீவன், அசீவன் என்னும் பாகுபாட்டை இலக்கண மாணவர்க்கு இதனினும் சுருக்கமாக உரைத்தல் அரிது.

இன்றைய உயிரியல் வேறு வழியில் செல்கிறது. செல்லால் ஆன உடல், வளர்சிதை மாற்றம், வளர்ச்சி, தூண்டலுக்குத் துலங்கல், இனப்பெருக்கம் ஆகியவற்றை உயிரின் அடையாளங்களாக அது கொள்கிறது. தாவரம் தொடுதலை உணர்ந்து துலங்கும் என்பதில் இரு வழிகளும் சந்திக்கின்றன. தொட்டாற்சுருங்கியைக் கருவிகள் கொண்டு ஆராய்ந்தவர் சகதீச சந்திர போசு (1858–1937). ஆயினும் நீரையும் நிலத்தையுமே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டென நம் ஆகமம் கூறுவதை அறிவியல் ஏற்கவில்லை. நீருக்குள் வாழும் நுண்ணுயிர்கள் வேறு. நீரையே உடலாக உடைய உயிர் வேறு. இரண்டையும் ஒன்றாக்கி, "எம் நூலை அறிவியல் மெய்ப்பித்தது" எனப் பெருமை பேசுதல் நூலுக்கும் நன்றன்று, அறிவியலுக்கும் நன்றன்று.

அவ்வாறாயின் நம் பகுப்பின் பயன் யாது? உயிரியலார் வகுத்தது அறிதற்பொருட்டு. அறவோர் வகுத்தது ஊறு செய்யாது ஒழுகுதற்பொருட்டு. திருநறுங்கொண்டைக் குன்றேறி அப்பாண்டைநாதரை வணங்கும் நாம், படியில் ஊரும் எறும்பை மிதியாமல் நடப்பதும், வீட்டில் நீரை வடிகட்டிப் பருகுவதும் அவ்வொழுக்கமே. கல்வராயன் மலையின் கடுக்காய் மரமும் அந்த ஓரறிவு நிரையில் நிற்பதுதான். காயைக் கொள்ளலாம், மரத்தை வீணே வெட்டுதல் தகாது.

காரணம் கூறாது வழக்கத்தை மட்டும் கற்பித்தால், அது நம்மோடு நின்றுவிடும். பெயரர் பெயர்த்தியர் உயிரியல் பாடம் படிக்கும் மாலையில், நன்னூலின் இந்நூற்பாக்களையும் அருகமர்ந்து சொல்லிக்கொடுப்போமாக. அம்மாணவனுக்கு நான் அன்று கூறத் தவறிய விடை இதுவே.