தண்டின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி

டன்ஹில் நிறுவனத்தின் சுங்கான்களில், அதாவது புகைபிடிக்கும் குழாய்களில், கறுப்புத் தண்டின் மேல் ஒரு சிறிய வெள்ளைப் புள்ளி இருக்கும். விலையுயர்ந்த பொருளின் அடையாளமாகவே உலகம் அதை அறியும். ஆனால் அது பிறந்தது பட்டறைச் சிக்கல் ஒன்றைத் தீர்க்க.

பழைய ஐரோப்பியக் களிமண் சுங்கானுக்குத் தண்டு பொருத்தும் வேலையே இல்லை. கிண்ணமும் தண்டும் ஒரே வார்ப்பு. ஒடிந்தால் எறிய வேண்டியதுதான். 1850-களில் பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் உள்ள சான் குளோது ஊர்க் கடைசல்காரர்கள் பிரையரைக் கையில் எடுத்தார்கள். மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் ஒரு புதர்ச்செடியின் அடிவேர் முண்டு அது, எளிதில் கருகாது. கிண்ணத்தையும் கழுத்தையும் அதில் செதுக்கலாம். வாயில் கடிக்கும் தண்டுக்கு வேறு பொருள் வேண்டும். கொம்பு பல்பட்டு நார்நாராகப் பிரியும். அம்பர் தவறி விழுந்தால் உடையும்.

விடை ரப்பரிலிருந்து வந்தது. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் வழியை 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டார். கந்தகத்தை வெகுவாகக் கூட்டினால் கிடைக்கும் கெட்டி ரப்பருக்கு அவர் தம்பி நெல்சன் 1851-இல் காப்புரிமை பெற்றார். அதுதான் எபோனைட். பள்ளி இயற்பியல் வகுப்பில் கம்பளியில் தேய்ப்போமே, அதே தண்டு. திருவள்ளூரில் இன்றும் கையால் கடையும் பேனாக்களின் உடலும் அதுவே. அரத்துக்கு இணங்கும், பல்லுக்கு இதமாக இருக்கும், சூடு காட்டினால் வளையும்.

பொருள் கிடைத்தாலும் பொருத்துவது கைவேலைதான். கழுத்தில் ஒரு துளை, தண்டின் நுனியில் அதற்கேற்ற முளை. முளை தளர்ந்தால் தண்டு நழுவும். இறுகினால், புகையின் ஈரத்திலும் சூட்டிலும் மரம் உப்பும்போது கழுத்து விரியும். கையால் திருகினால் மெல்ல உள்ளே போய், கடைசியில் முகமும் முகமும் ஒளி புகாமல் ஒட்ட வேண்டும். உள்ளே 4 மி.மீ. அளவில் ஓடும் புகைவழியும் இரு துண்டிலும் நேர்க்கோட்டில் சந்திக்க வேண்டும்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் கதையின் உயிர். கழுத்தைவிடச் சற்றுப் பருமனாகவே விட்டுவைத்த தண்டைச் செருகி, மரத்தையும் எபோனைட்டையும் சேர்த்தே அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்ப்பார்கள். துளை ஒருபோதும் கழுத்தின் சரிநடுவில் அமையாது, மயிரிழை விலகியிருக்கும். அந்த விலகலுக்கு ஏற்பவே தண்டும் தேய்கிறது. ஆகவே எந்த நிலையில் வைத்துத் தேய்த்தார்களோ அந்த நிலையில் மட்டுமே அது வழுவழுவென்று சேரும். தலைகீழாகச் செருகினால் இணைப்பில் விரலுக்கு ஒரு படி தட்டும்.

குதிரைச் சேணத் தொழில் குடும்பத்தில் வந்த ஆல்பிரட் டன்ஹில் 1907-இல் லண்டன் டியூக் தெருவில் புகையிலைக் கடை திறந்தார். 1910-இல் சொந்தமாகச் சுங்கான் செய்யத் தொடங்கினார். தண்டுகள் எபோனைட்டில் கையால் வெட்டியவை. வளைந்த சுங்கானில் குழப்பமில்லை. நேரான சுங்கானிலோ தட்டையான தண்டின் மேலும் கீழும் ஒன்றுபோலவே தெரியும்; துடைக்கக் கழற்றிய வாடிக்கையாளர் எதை மேலே வைப்பது என்று தடுமாறினார். எனவே மேல்பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியைப் பதிக்கச் சொன்னார் டன்ஹில்.

அந்தப் புள்ளியை வணிக முத்திரையாக மட்டும் பார்ப்பது, அரம் பிடித்த கைகளுக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன். எந்தத் தண்டும் எந்தக் கழுத்திலும் எந்தப் பக்கமும் பொருந்தியிருந்தால் புள்ளிக்கே தேவை வந்திராது.

ஆனால் முத்திரையாகத்தான் அது வேகமாகப் பரவியது. டன்ஹில் பட்டறையில் வேலை பார்த்த ஜோயல் சாசியெனி 1919-இல் விலகித் தனித்தொழில் தொடங்கினார். அவருடைய சுங்கான்களுக்குப் பெயர் வாங்கித் தந்தவை தண்டில் பதித்த நான்கு இளநீலப் புள்ளிகள். மேல்பக்கம் எதுவென்று காட்ட நான்கு தேவையில்லை.