வகுப்பறை எந்திரமும் பித்தளைப் பீச்சாங்குழலும்

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில், மாணவர்களுக்குக் காட்டுவதற்கென்று நியூகமன் நீராவி எந்திரத்தின் சிறு மாதிரி ஒன்று இருந்தது. பழுதுபார்க்க லண்டனுக்கு அனுப்பியும் பயனில்லை. 1763-இல் அது பல்கலைக்கழகத்தின் கருவி செய்பவரான ஜேம்ஸ் வாட்டிடம் வந்து சேர்ந்தது.

வாட் அதை இயங்கவைத்தார். ஆனால் சில வீச்சுகளிலேயே கொதிகலனின் நீராவி தீர்ந்து நின்றுபோயிற்று. சுரங்கங்களில் நிலக்கரிச் செலவாக மறைந்துகிடந்த குறை, இச்சிறு உருவில் வெளிப்பட்டுவிட்டது. கொள்ளளவோடு ஒப்பிட அதன் உருளையின் பரப்பு அதிகம். எனவே வெப்ப இழப்பும் அதிகம். நீராவியைக் குளிர்விக்க ஒவ்வொரு வீச்சிலும் உருளைக்குள் தண்ணீர் பீய்ச்சப்பட்டது. குளிர்ந்த உருளையை மீண்டும் சூடாக்கவே பெரும்பகுதி நீராவி விரயமாயிற்று.

1765-இல் விடை கிடைத்தது: உருளை சூடாகவே இருக்கட்டும், நீராவி தனிக்கலத்தில் குளிரட்டும். இதைச் சோதித்துப் பார்க்க வாட் உருளையாகக் கொண்டது உடற்கூறியலாளர்களின் பித்தளைப் பீச்சாங்குழலை! 1769-இல் காப்புரிமை பெற்றார்.

ஒழுங்காக ஓடியிருந்தால் அம்மாதிரி சில தலைமுறைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டுப் பரணேறியிருக்கும். ஓடாததனால்தான் கற்பித்தது. கிளாஸ்கோவின் ஹண்டேரியன் அருங்காட்சியகம் இன்றும் அதைப் பாதுகாக்கிறது. நம் பள்ளி ஆய்வகங்களின் பூட்டிய அலமாரிகளையும் ஒருமுறை திறந்து பார்க்கலாம்.