ஸ்காட்ச் முட்டைக்குப் பட்டா யார் பெயரில்?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து அடுக்ககங்களில் இப்போதெல்லாம் விடுமுறை நாள் என்றால் மொட்டைமாடியில் பார்பிக்யூ அடுப்பு மூட்டிவிடுகிறார்கள். என் மகள் குடியிருக்கும் இடத்திலும் அப்படித்தான். கோழியும் பன்னீரும் பழைய சமாச்சாரம். அவித்த முட்டையைச் சாசேஜ் இறைச்சியால் மூடித் தணலில் வாட்டும் ஸ்காட்ச் எக்தான் புது மோகம். சாப்பிடும்போதே ஒரு வழக்கும் நடக்கிறது. "இது இங்கிலீஷ்காரன் பண்டம்" என்கிறது ஒரு கட்சி. "நம்முடைய நர்கீசி கோஃப்தாவைத் திருடிப் பெயர் மாற்றிவிட்டான்" என்கிறது மறு கட்சி. காலமெல்லாம் கோப்பு புரட்டிய எழுத்தன் நான். இரு தரப்பு ஆவணங்களையும் கொஞ்சம் பார்ப்போமே!

ஆங்கிலேயர் தரப்பில் முதல் சாட்சி, லண்டன் பிக்காடிலியில் உள்ள ஃபோர்ட்நம் அண்ட் மேசன் கடை. 1707-இல் தொடங்கிய இக்கடை, குதிரை வண்டிப் பயணிகளின் கட்டுச்சோற்றுக்காக 1738-இல் தாங்களே இதைக் கண்டுபிடித்ததாகச் சொல்லி வருகிறது. இது கடையின் வாக்குமூலம், அவ்வளவே. அச்சில் உள்ள சாட்சி மரியா ரண்டெல் அம்மையாரின் சமையல் நூல். அதன் 1809-ஆம் வருடப் பதிப்பில் செய்முறை இருக்கிறது. ஐந்து இளங்கோழி முட்டைகளை அவித்து, பன்றித் தொடை இறைச்சியோ உப்பிட்ட நெத்திலியோ சேர்த்த கொத்துக்கறியால் மூடி, பொன்னிறமாகப் பொரித்து, குழம்போடு பரிமாறச் சொல்கிறார். குழம்போடு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் பெயர் இதில் எப்படி ஒட்டிக்கொண்டது என்பதற்கும் பல கதைகள் உண்டு. எதற்கும் ரசீது இல்லை.

இனி நம் தரப்பு. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது நான் 'நார்சிஸ்' என்று கற்ற பூவைத்தான் பாரசீகத்தில் நர்கிஸ் என்கிறார்கள். கோஃப்தாவை இரண்டாக நறுக்கினால் வெள்ளைக்கு நடுவே மஞ்சள் தெரியும், அந்தப் பூவைப் போல. லக்னோ, ஹைதராபாத் பக்கம் இதைக் குழம்பில் இட்டுப் பரிமாறுவார்கள். ரண்டெல் அம்மையாரும் குழம்பைச் சொல்கிறாரே என்பது நம் கட்சிக்குச் சாதகம். உணவு வரலாறு எழுதும் சிலரும் கோஃப்தாவே மூலமாக இருக்கலாம் என்கிறார்கள். 'இருக்கலாம்', கவனியுங்கள்.

கதை கட்டுவது எவ்வளவு சுலபம் என்று காட்ட, இந்த வட்டாரத்தை வைத்தே ஒன்று கட்டுகிறேன். 1763-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1780 செப்டம்பரில், காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில், ஹைதர் அலி, திப்பு படைகளிடம் கர்னல் பெய்லியின் படை தோற்றது. அதில் ஸ்காட்லாந்து மலைநாட்டுச் சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்களில் டேவிட் பேர்ட் என்ற அதிகாரி பிடிபட்டு, 1784 வரை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறையிருந்தார். நவாபின் விருந்து, ஸ்காட்லாந்துச் சிப்பாய், பிறகு 1809-இல் புத்தகம். எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! நவாப் உண்மை, சிப்பாய் உண்மை, புத்தகமும் உண்மை. மூன்றையும் கோத்த நூல் மட்டும் நான் திரித்தது.

யாரும் யாரிடமிருந்தும் வாங்காமலும் இருந்திருக்கலாம். ஒரகடத்தில் 2010-இல் ரெனோ நிஸான் கார் ஆலையும், 2012-இல் டைம்லர் லாரி ஆலையும் திறந்தார்கள். இந்த நாட்டுக்காரர்களின் சமையலைப் பாருங்கள். ஜெர்மானியர்களிடம் 'பொய் முயல்' என்று ஒரு பண்டம் உண்டு. கொத்துக்கறிக்குள் முழு முட்டைகளைப் புதைத்துச் சுடுவது. பிரான்சின் பெரி பகுதியில் ஈஸ்டருக்கு இறைச்சியையும் அவித்த முட்டையையும் மாவுக்குள் பொதிந்து சுடுகிறார்கள். ஜப்பானியர்களோ ஸ்காட்ச் எக்கை அந்தப் பெயரிலேயே சாப்பிடுகிறார்கள். இதில் ஜப்பானியர் வாங்கியது பெயரிலேயே தெரிகிறது. பெரி கிராமத்துப் பாட்டி லக்னோ போய்க் கற்றாள் என்று சொல்ல முடியுமா?

அடுப்பின் பெயருக்கும் இப்படி ஒரு கதை உண்டு. ஆட்டைத் தாடியிலிருந்து வால் வரை முழுதாகக் கோத்துச் சுடுவதால், பிரெஞ்சில் 'பார்ப் அ கெ' என்பதே பார்பிக்யூ ஆயிற்று என்பார்கள். பிரெஞ்சு படித்தவர்களுக்கு இதில் தனிப் பெருமை. ஆனால் அகராதிகள் ஒப்புவதில்லை. கரீபியன் தீவுகளின் தைனோ மக்கள் குச்சிகளால் கட்டிய பரணை ஸ்பானியர்கள் 'பார்பகோவா' என்று எழுதிவைத்தார்கள். சொல் வந்தது அங்கிருந்துதான்.

ரண்டெல் அம்மையார் பொரித்ததைத் தணலில் செய்ய ஒரு சூட்சுமம் வேண்டும். உரித்த முட்டையை ஈரம் போகத் துடைத்து மைதாவில் புரட்டினால்தான் இறைச்சி பிடிக்கும். நேர் தணலில் வைத்தால் கொழுப்பு சொட்டித் தீ எழும்பி, மேலே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். ஆகவே கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, முட்டையை மறுபக்கம் வைத்து மூடிவிட வேண்டும். அரை மணி நேரம் போல ஆகும். இறைச்சியின் உட்சூடு 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். பன்றி இறைச்சியில் இது விளையாட்டல்ல.

தீர்ப்புக்கு வருவோம். நிலக் கோப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பட்டா ஒருவர் பெயரில் இருக்கும், தலைமுறையாக உழுதவர் இன்னொருவராக இருப்பார். காகிதம் இல்லை என்பதால் அவர் உழவில்லை என்று ஆகிவிடாது. உழுதேன் என்று சொல்வதாலேயே பட்டா மாறிவிடவும் செய்யாது. ரண்டெல் அம்மையாருக்கு அச்சகம் கிடைத்தது. அடுப்படியில் வெந்த எத்தனையோ சமையல்காரர்களுக்கு, லக்னோவிலும் சரி ஸ்காட்லாந்திலும் சரி, அது கிடைக்கவில்லை. 1809 என்பது அந்தக் காகிதத்தின் தேதி. முட்டையின் தேதி அல்ல.

எனவே கோப்பு நிலுவையில் இருக்கட்டும். 'திருடினான்' என்ற சொல்லை மட்டும், ஆதாரம் வரும் வரை, யாரும் அதில் எழுத வேண்டாம்.