எழுதும் கையும் ஒப்பமிடும் கையும்: சுவாமிமலையிலிருந்து ஓர் உள்ளாட்சி பட்ஜெட் வரலாறு

சுவாமிமலை முருகன் கோயிலின் 60 படிகளுக்கும் பிரபவ தொடங்கி அட்சய வரை 60 தமிழ் ஆண்டுகளின் பெயர்கள் உண்டு. ஆனால் படி ஏறி இறங்குபவர்கள் வாழும் ஊரில் ஆண்டு மூன்று முறை பிறக்கிறது. சாமிக்குச் சித்திரை முதல் நாள். நிலத்துக்கு ஜூலை 1, வருவாய்த் துறைக் கணக்கில் அதுதான் பசலி. தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் குப்பை வண்டிக்கும் ஏப்ரல் 1, பேரூராட்சியின் நிதியாண்டு. இந்த மூன்றாவது ஆண்டு பிறக்கும் முன் எழுதப்படும் வரவு செலவுத் திட்டம்தான் இக்கட்டுரையின் பொருள். அதை எழுதுவது யார், நிறைவேற்றுவது யார், காசோலையில் கையெழுத்திடுவது யார்? இந்த மூன்று கேள்விகளுக்கும் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் இருந்திருக்கின்றன. விடை மாறிய ஒவ்வொரு முறையும் பட்ஜெட்டின் உருவமும் மாறியிருக்கிறது.

உள்ளாட்சியைப் பற்றிப் பேச வந்தவர்கள் உத்திரமேரூரில் தொடங்குவது வழக்கம். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் குடவோலை முறையை வியப்பவர்கள், அவற்றில் உள்ள கணக்கு விதிகளைக் கவனியாமல் போய்விடுகிறார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம், பஞ்சவார வாரியம் என்று வேலைக்கொரு குழு இருந்தது. பதவிக்காலம் 360 நாள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி குடவோலைக்குள் வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் அதே தடை. கணக்கெழுதியவரே தம் கணக்கைச் சபையாரிடம் ஒப்படைக்க வேண்டும், வேறொருவர் வந்து முடித்து வைக்கக் கூடாது என்பதும் அங்கே உண்டு. இது பிராமண நில உடைமையாளர்களின் சபை. ஊரில் உழைத்த பெரும்பாலோருக்கு அதில் இடமில்லை. ஆகவே அதை இன்றைய மக்களாட்சியின் மூலம் என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கணக்கெழுதியவர் ஊருக்கே பதில் சொல்ல வேண்டும் என்ற அந்த ஒரு விதியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்லலாம்.

ஆங்கிலேயர் காலத்தில் அந்த நூல் அறுந்தது. 1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் 1866இல் தஞ்சாவூரும் கும்பகோணமும் நகராட்சிகள் ஆயின. உறுப்பினர்கள் நியமனம் பெற்றவர்கள், தலைமை கலெக்டருக்கு. வீட்டுவரியும் வண்டிவரியும் ஊரார் கொடுத்தார்கள். ஆனால் காவல் துறைச் செலவின் பெரும்பங்கையும் அந்த வரியிலிருந்தே கட்ட வேண்டியிருந்தது. 1871ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சுமையை இறக்கி, பள்ளி, மருத்துவமனை, அம்மை குத்துதல், பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவற்றை ஏற்றியது. தலைவர் கலெக்டராக இருக்கும்வரை, மேலிடத்தின் செலவுத் தலைப்புகளே ஊரின் செலவுத் தலைப்புகளாக இருந்தன.

1882 மே 18இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானமும், அதைத் தொடர்ந்து சென்னை மாகாணத்தில் வந்த 1884ஆம் ஆண்டுச் சட்டங்களும் இந்த நிலையைக் கொஞ்சம் தளர்த்தின. நகரங்களுக்கு ஒரு சட்டம், மற்ற ஊர்களுக்கு ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என்று மூன்றடுக்கு. இந்த அமைப்பு என்ன செய்ய முடியும் என்பதற்குத் தஞ்சை மாவட்டம் இரண்டு சான்றுகளைத் தருகிறது.

முதலாவது, ரயில். நிலத்தின் மீது ஒரு தனித் தீர்வை விதித்து, அந்தப் பணத்தைச் சேர்த்து, தஞ்சை ஜில்லா போர்டு சொந்தமாக ரயில் பாதையே போட்டது. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 1894இல் வண்டி ஓடியது. பின்னர் பாதை அறந்தாங்கி வரை நீண்டது. இன்ன வரி இன்ன வேலைக்கு என்று கட்டி வைத்ததாலும், தீர்வையையும் திட்டத்தையும் ஒரே மன்றம் கையில் வைத்திருந்ததாலும் அது சாத்தியமாயிற்று. இன்றைக்கு ஒரு பேரூராட்சி தன் எல்லைக்குள் ஒரு பாலம் கட்டுவதற்கே மேலிடத்து நிதியை எதிர்பார்த்து நிற்பதை நினைத்தால், 130 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தத் துணிவு மலைப்பைத் தருகிறது.

இரண்டாவது, தமிழ். 1919ஆம் ஆண்டின் அரசியல் சீர்திருத்தத்துக்குப் பிறகு உள்ளாட்சித் துறை இந்திய அமைச்சர்களின் பொறுப்புக்கு வந்தது. ஜில்லா போர்டுகளின் தலைமை உள்ளூர்த் தலைவர்களிடம் சேர்ந்தது. தஞ்சையில் ஏ. டி. பன்னீர்செல்வம் தலைவராக இருந்தபோது, வடமொழி மட்டுமே கற்பித்து வந்த திருவையாற்றுக் கல்லூரியில் தமிழும் இடம் பெற்றது. அந்தக் கல்லூரியை நடத்தி வந்த, மராத்திய அரசர்கள் விட்டுச் சென்ற சத்திர அறக்கட்டளைகள் அப்போது போர்டின் நிர்வாகத்தில் இருந்தன. செலவுப் பட்டியலைத் திறந்து பார்க்கும் இடத்தில் யார் அமர்கிறாரோ அவரைப் பொறுத்தே எந்தக் கல்விக்குக் காசு என்பதும் முடிவாகிறது. பட்ஜெட் வறட்டுக் கணக்கு என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இது.

ஆனால் அதே தலைமுறையிலேயே எதிர்த்திசையில் ஒரு மாற்றம் தொடங்கிவிட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் செலவில் தலையிட்டுக் கட்சி கட்டுகிறார்கள் என்ற புகார் பெருகவே, 1930களில் நகராட்சிகளில் அரசு நியமிக்கும் ஆணையர் நிர்வாக அதிகாரியானார். தாலுகா போர்டுகள் 1934இல் கலைந்தன. அதற்கு முன்பே அமெரிக்காவிலும் இதே புகாருக்கு ஒரு மருந்து கண்டிருந்தார்கள். 1908இல் வர்ஜீனியாவின் ஸ்டான்டன் நகரமும், வெள்ளத்தில் மூழ்கி எழுந்த பின் 1914இல் ஒகையோவின் டேட்டன் நகரமும், பயிற்சி பெற்ற ஒரு மேலாளரை அமர்த்தி நிர்வாகத்தை ஒப்படைத்தன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். அங்கே மேலாளரை வேலைக்கு வைப்பதும் நீக்குவதும் நகர மன்றம். இங்கே ஆணையரை அனுப்புவதும் மாற்றுவதும் மாநில அரசு. அங்கே பட்ஜெட்டை எழுதுபவர் மன்றத்தைப் பார்த்து எழுதுகிறார். இங்கே எழுதுபவரின் கண் சென்னையைப் பார்க்கிறது.

சுதந்திரத்துக்குப் பின் இந்த ஏற்பாடு சிற்றூர்களுக்கும் இறங்கியது. 1950, 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டங்கள் மக்கள்தொகையும் வருமானமும் கூடிய ஊர்களைத் தனியாகப் பிரித்தன. 'டவுன் பஞ்சாயத்து' என்ற பெயர் நிலைத்தது. அங்கே நிர்வாகம் செயல் அலுவலரிடம், ஊர் வழக்கில் 'இஓ'விடம். பக்கத்துக் கிராம ஊராட்சியிலோ தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து காசோலையில் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. வயல் வரப்பு ஒன்றுதான் இரண்டுக்கும் எல்லை; காவிரித் தண்ணீரும் ஒன்றுதான். வரப்புக்கு அப்பால் பணத்தின் மீது கையெழுத்து தேர்ந்தெடுக்கப்பட்டவருடையது, இப்பால் அதிகாரியுடையது.

1981இல் பேரூராட்சிகளுக்குத் தனி இயக்ககம் வந்தது. 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வர, பேரூராட்சிகள் ஊராட்சிக் குடும்பத்திலிருந்து நகர்ப்புறக் குடும்பத்துக்கு மாறின. அடுத்து நடந்ததுதான் என் வாதத்துக்கு மிகத் தெளிவான சான்று. 2004இல் 30,000க்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட 561 பேரூராட்சிகளைத் தமிழக அரசு 'சிறப்புக் கிராம ஊராட்சி' என்று மாற்றியது. மத்திய அரசின் ஊரக வளர்ச்சி நிதி கிடைக்கும் என்பது காரணம். ஏழாயிரம் பேரை ஒட்டிய சுவாமிமலை இந்த வரம்புக்குள் அடங்கும் ஊர். 2006இல் மறுபடி பேரூராட்சி. இரண்டே ஆண்டுகள். அதற்குள் ஊரில் ஒரு தெருவும் நகரவில்லை, காவிரியும் அரசலாறும் தடம் மாறவில்லை. பெயர்ப்பலகை மாறியதும் வரவுத் தலைப்புகள் மாறின, கிராமசபை வந்து போனது. ஊருக்கு ஏற்ற பட்ஜெட் என்பது போய், கிடைக்கும் நிதிக்கு ஏற்ற ஊர் என்றாகிவிட்டது.

பட்ஜெட் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கையில் வரும் தாளைப் பார்ப்போம். இடது ஓரத்தில் கணக்குத் தலைப்பு. அடுத்து முந்தைய ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு என்று மூன்று பத்தி எண்கள். சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, குத்தகை: இவை ஊர் தரும் பணம். மாநில நிதிக்குழுப் பகிர்வும் மத்திய நிதிக்குழு மானியமும் வெளியே இருந்து வருபவை. 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் தூய்மைப் பணிக்கும் என்று முன்பே கட்டப்பட்டது. சம்பளம், மின்கட்டணம், பராமரிப்பு போக, உறுப்பினர் வாய் திறந்து விவாதிக்க மிஞ்சும் வரிகள் சிலவே.

சொந்த வரவிலும் சுவாமிமலைக்கு ஒரு தனிச் சிக்கல். ஊரின் மிகப் பெரிய கட்டடம் கோயில். பொது வழிபாட்டிடத்துக்குச் சட்டப்படி சொத்து வரி கிடையாது. கோயில் உண்டியல் அறநிலையத் துறையின் கணக்கு. கார்த்திகைக்கும் தைப்பூசத்துக்கும் வரும் கூட்டத்தின் குப்பையை அள்ளுவது பேரூராட்சிக் கணக்கு. இன்னொன்று, ஸ்தபதிகளின் தெரு. 2008இல் புவிசார் குறியீடு பெற்ற ஐம்பொன் சிலைகள் இங்கே வார்க்கப்படுகின்றன. முன்கட்டில் குடும்பம், பின்கட்டில் மெழுகும் காவிரி வண்டலும் உலையும். அந்தக் கட்டடம் வீடா, தொழிற்கூடமா? வரி விகிதம் அதைப் பொறுத்தது. இப்படிப்பட்ட கேள்வியை ஊர் தெரிந்த மன்றம் தீர்ப்பது ஒருவிதம், சுற்றறிக்கை தீர்ப்பது வேறுவிதம்.

2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்தபோது தேர்தல் நடக்கவில்லை. 2022 பிப்ரவரி 19இல் தேர்தல் நடந்து, மார்ச்சில் புதிய மன்றங்கள் அமரும் வரை தனி அலுவலர் ஆட்சி. ஐந்து ஆண்டுகளுக்கு மேல், மன்றத்தின் அதிகாரமும் அதிகாரியிடமே இருந்தது. 'தீர்மானிக்கப்பட்டது' என்ற சொல் தீர்மானப் புத்தகத்தில் தொடர்ந்து எழுதப்பட்டது. எதிர்த்துக் கை தூக்க ஆள் இல்லை. புதிய மன்றங்கள் பொறுப்பேற்று ஒரு மாதம் ஆவதற்குள், 2022 ஏப்ரல் 1 அன்று சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது. மத்திய நிதிக்குழு மானியத்துக்கான நிபந்தனை அதன் பின்னணி. வரி கட்டச் சொல்லி வீட்டு வாசலில் நின்ற உறுப்பினருக்கு அந்த விகிதத்தை நிர்ணயித்ததில் பங்கில்லை. இதற்கிடையே கும்பகோணம் மாநகராட்சியாகி, தாராசுரம் பேரூராட்சி அதற்குள் கரைந்தது. ஐராவதேசுவரர் கோயில் நிற்கும் ஊருக்கு இன்று சொந்தமாக ஒரு பட்ஜெட் இல்லை.

செயல் அலுவலர் வேண்டாம் என்பது என் முடிவல்ல. விதி தெரிந்த, மாதச் சம்பளம் வாங்கும் அலுவலர் இல்லாமல் ஒப்பந்தப்புள்ளியும் தணிக்கையும் நடக்காது. ஆனால் அவரது பணி மதிப்பீட்டில் மன்றத்துக்கு ஒரு சொல் இருக்க வேண்டும். மதிப்பீட்டுத் தாள் கூட்டத்துக்கு முந்தைய நாள் வராமல், ஒரு மாதம் முன்பே வார்டுக்கு வர வேண்டும். 2022 நவம்பர் 1 அன்று தமிழக நகர்ப்புற உள்ளாட்சிகளில் பகுதி சபைகள் கூடின. அந்தச் சபைகளை மாசி மாதத்தில், பட்ஜெட் எழுதப்படும் வேளையில் கூட்டுங்கள். 2022 மார்ச்சில் அமர்ந்த மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்கு முன்பே தேர்தலை முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243U பிரிவு சொல்கிறது.